கோவில்பட்டிக் கடலைமிட்டாய்

மழைக்கு ஜன்னலெல்லாம் சாத்திய ஹட்டன் பஸ்ஸில், பக்கத்து சீட் அக்கா, இந்தியாவுக்குப் போய்வந்த தம்பி கொடுத்ததென்று கோவில்பட்டிக் கடலைமிட்டாய் ஒன்றை நீட்டினார்.

கடித்ததும் டக்கென்று உடைந்தது. பல்லில் ஒட்டவே இல்லை!

எல்லாம் பாகுப் பதம்தான். கொதிக்கிற வெல்லப்பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் கல்லு மாதிரி இறுகி, தட்டினால் சத்தம் வர வேண்டும், கொஞ்சம் முந்தி இறக்கினாலும் இழுக்கும். 2020-இல் புவிசார் குறியீடு சும்மா கிடைக்கவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் தீபாவளிக்கு அப்பாயி சுடும் முறுக்கும் பதம் தப்பாது. ஆனால் இந்தப் பனி விடுமா? டின்னில் போட்டு அடுப்புக்கு மேலே வைத்தாலும் முறுக்கு மறுநாளே நமத்துவிடும்.

நமத்த முறுக்கைச் சுடச்சுடத் தேத்தண்ணியில் முக்கித் தின்பது தனி ருசி (சிரிக்காதீர்கள்), கோவில்பட்டிக்காரரிடம் சொன்னால் அடிக்க வருவார்.