என்ர கொக்கர் (பெயின்ற்போல் துவக்கு) 260 பிஎஸ்ஐக்கு இறங்கிட்டுது, சத்தம்தான் இன்னும் அரைவாசி கிடக்கு

நேற்றுப் பின்னேரம் பந்தின்ர வேகம் அளக்கிற க்ரோனோவில செக்கனுக்கு 278, 281, 279 அடி எண்டு அடுத்தடுத்து மூண்டு சூடு, காஸ் பிரஷரைக் காட்டுற ரெகுலேற்றர் கேஜ் 260இல. சந்தோசத்தில எழுதுறன். நாலைஞ்சு மாசமா என்ர பழைய 2கே மொடல் ஓட்டோகொக்கரோட நான் பட்ட பாடு வீட்டில மனுசிக்குத்தான் தெரியும், இரவிரவா பேஸ்மென்றில டக் டக் எண்டு கேட்டா ஆருக்குத்தான் விசர் பிடிக்காது. முந்தி இது 400 பிஎஸ்ஐக்குக் கிட்ட ஓடினது.

பிரஷரை இறக்க, காத்தை விடுற வால்வின்ர ஸ்பிரிங்கை மெல்லிசாக்கினா காணும் எண்டுதான் நானும் நினைச்சன். ஸ்பிரிங் கிற்றில இருந்ததில ஆக மெல்லிசைப் போட்டு காஸ் விட்டன், பரலுக்கால புஸ்ஸெண்டு காத்துப் போகுது. வால்வை அடைக்கிற கப் சீல் போயிட்டுது எண்டு புதுசு மாத்தினன், பேந்தும் புஸ். வால்வைக் கழட்டி சீற்றைத் தேய்ச்சுப் பாத்தன். ரெண்டு கிழமை! கடைசியில பாத்தா சீலில ஒரு பிழையும் இல்லை, நான் கொக் பண்ணாமல், அதாவது ஹமரைப் பின்னுக்கு இழுத்து மாட்டாமல், காஸ் போட்டிருக்கிறன். வால்வைத் தட்டித் திறக்கிற அந்த ஹமர் முன்னுக்கு நிக்கேக்க, அதைத் தள்ளுற மெயின் ஸ்பிரிங் வால்வ் பின்னையும் தள்ளிக்கொண்டு நிக்கும், மெல்லிசு ஸ்பிரிங்கால அதைத் தாங்க ஏலாது. இத்தினை வருசம் விளையாடிப்போட்டு இந்த மோட்டுத்தனம்.

சரி, கொக் பண்ணிப் போட்டுச் சுட்டா அடுத்த கரைச்சல். வால்வ் திறக்குது, மூட மனமில்லாமல் நிக்குது, உள்ளுக்குள்ள இருந்த காஸ் முழுக்கக் கொட்டுண்டு எல்பிஆருக்கு (திரும்பக் கொக் பண்ணுறதுக்குக் குறைஞ்ச பிரஷரில காத்துக் குடுக்கிற சின்ன ரெகுலேற்றர்) காத்துக் காணாமல் ரீகொக் ஆகுதில்லை. பிரஷரைக் குறைச்சா வால்வை மூடுற விசையும் குறையுது எண்டது அப்பதான் மண்டையில ஏறினது. வால்வை மட்டும் இளக்கிப் போட்டு மெயின் ஸ்பிரிங்கை அப்பிடியே விட்டா சரிவராது, ரெண்டும் சேர்ந்து இறங்கவேணும். வால்வுக்கு நடுத்தரம், மெயினுக்கு ஒரு படி மெல்லிசு, எனக்கு இதுதான் சரிவந்தது.

பேந்து ஸ்வீற் ஸ்பொற், அதாவது ஆகக் கூடின வேகம் வாற பிரஷர், தேடுற வேலை. நண்பன்ர பண்ணையில ஒரு பழைய கொட்டில் இருக்கு, அதுக்குள்ள கம்பளியைத் தொங்கவிட்டு க்ரோனோவை வைச்சு, மெயின் ஸ்பிரிங்கை இறுக்குற ஐவிஜி திருகாணியைத் தொடாமல் பிரஷரை 25, 25ஆ ஏத்தினன். 200 பிஎஸ்ஐயில வேகம் 238 அடி, 225இல 257, 250இல 269, 275இல 266, 300இல 254. ஒரு அளவுக்கு மேல பிரஷர் கூடக் கூட வேகம் குறையுது பாருங்கோ, ஹமரால வால்வை வடிவாத் திறக்க ஏலாமல் போகுது. உச்சி 250க்கும் 275க்கும் இடையில எண்டு தெரிஞ்சாப்போல ஐவிஜியை அரைக்கால் சுத்து உள்ளுக்கு விட்டு 260இல நிப்பாட்டினன். ஒவ்வொரு தடவையும் நாலைஞ்சு வெறும் சூடு விட்டுப்போட்டுத்தான் அளக்கவேணும், இல்லாட்டி ரெகுலேற்றர் பொய் சொல்லும்.

பிரஷர் குறைஞ்சா பெயின்ற் பந்து பரலுக்குள்ள உடையாது எண்டு சொல்லுறாக்களை நான் நம்பேல்லை. 280இல போற பந்துக்குத் தேவையான தள்ளு ஒண்டுதான், பிரஷர் குறைஞ்சா காத்துக் கூடுதலாப் போகும், அவ்வளவுதான். டாங்க் முந்தினதை விடக் கெதியா முடியுது, அதையும் சொல்லத்தானே வேணும்.

சத்தத்துக்கு வாறன். எல்பிஆரை ரீகொக் ஆகாத அளவுக்கு இறக்கி, அதில இருந்து கால் சுத்து ஏத்தி விட்டன், பந்தைப் பரலுக்குள்ள தள்ளுற போல்றையும் டெல்ரின் பிளாஸ்டிக்குக்கு மாத்தினன், அந்த டக் இப்ப டொக் ஆயிட்டுது. மனுசி மேல இருந்து கேக்கேல்லை எண்டு சொன்னா, அது காணும். பரல் முனையில வாற அந்த வெடிப்புத்தான் மிச்சம். போர்ட்டிங் (காத்துப் போற ஓட்டையள்) கூடின முனையை ஒரு கடையில சொல்லி ஆறு கிழமை, இன்னும் வரேல்லை, போன் எடுத்தா "அடுத்த கிழமை அண்ணை" எண்டு ஒரே பல்லவி. சைலன்சர் மாதிரி ஒண்டைப் பூட்டச் சொல்லி ஒரு தம்பி கேட்டான், கனடாவில அந்தக் கதையே வேண்டாம் ராசா.

பந்தின்ர அளவுக்கு ஏத்தமாதிரிப் பரலுக்குள்ள போடுற இன்சேர்ட்டும் பாக்கவேணும். 0.684 அங்குலத்தில ஊதினா பந்து அசையுதேயில்லை, 0.687இல மெல்லமா ஊத வெளியில வருது, ஆனா அது அண்டைக்கு இருந்த பந்துப் பெட்டிக்குத்தான், மழைக்குள்ள அடுத்த பெட்டிப் பந்து எப்பிடி வீங்கியிருக்குமோ. டாங்கின்ர ஹைட்ரோ (பிரஷர் தாங்குதோ எண்டு பாக்கிற சோதனை) தேதியும் முடியப்போகுது. இதுக்கிடையில ஒருத்தர் கையால இழுத்துக் கொக் பண்ணுற ஒரு பழைய ஸ்னைப்பர் பம்ப் துவக்கு விக்கப்போறன் எண்டு படம் அனுப்பியிருக்கிறார், முன்பக்கக் காத்துச் சாமான் ஒண்டும் இல்லை, டக்கும் இல்லை டொக்கும் இல்லை. மனுசிக்கு இன்னும் சொல்லேல்லை.