டர்ரெட்டில் இருக்கும் எண்ணை நம்பலாமா? ரைபிள் ஸ்கோப் சோதனை, படிப்படியாக

டர்ரெட்டை, அதாவது ஸ்கோப்பின் குறியை நகர்த்தும் குமிழை, 10 மில் திருப்பினால் குறுக்குக்கோடு உண்மையிலேயே 10 மில் நகர்கிறதா? இதற்கு விடை தெரியாமல் 600, 800 மீட்டர் என்று தள்ளிப் போவதில் பயனில்லை. பலரும் 100 மீட்டரில் ஜீரோ வைத்ததோடு, அதாவது குறிவைத்த இடத்தில் குண்டு விழும்படி சரிசெய்ததோடு, நிறுத்திவிடுகிறார்கள். பிறகு எட்டத்தில் குறி தவறும்போது காற்றையும் தோட்டாவையும் திட்டுவார்கள். இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். தளர்ந்தது ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் ரிங்கின் திருகாக இருக்கும், பழி ஸ்கோப் தலையில் விழும். இரண்டையும் பிரித்தறிய முதலில் பொருத்தத்தைப் பார்க்க வேண்டும், அடுத்து சுடாமல் சோதிக்க வேண்டும், கடைசியில்தான் சுட்டுப் பார்க்க வேண்டும். வரிசை மாறினால் ஒரு பெட்டித் தோட்டா தீர்ந்த பிறகும் கோளாறு எங்கே என்று தெரியாது.

முதலில் அலகு. ஒரு மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 100 மீட்டரில் அது 10 செ.மீ., ஆகவே 0.1 மில் கிளிக் ஒன்றுக்கு 1 செ.மீ. எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 100 மீட்டரில் 2.91 செ.மீ., கால் எம்.ஓ.ஏ. கிளிக் என்றால் 7.3 மி.மீ. சில ஸ்கோப்புகளில் எம்.ஓ.ஏ. என்று பொறித்திருந்தாலும் உள்ளே இருப்பது நூறு கஜத்துக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கு. இரண்டுக்கும் 4.7 சதவீதம் வித்தியாசம். 30 எம்.ஓ.ஏ. திருப்பினால் 100 மீட்டரில் 87.3 செ.மீ. நகர வேண்டும். 83.3 செ.மீ. அளவில் நின்றால் ஸ்கோப் கெடவில்லை, அது அங்குலக் கணக்கு ஸ்கோப். குண்டின் பாதையைக் கணக்கிடும் பலிஸ்டிக் செயலியில் அந்த அலகைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

பொருத்தம். ரிங்குகள் பொருந்தும் ரெயில் பட்டையின் திருகுகளிலும் ரிங் உட்புறத்திலும் எண்ணெய் இருக்கக் கூடாது. துடைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். ரிங் மூடியின் இரண்டு பக்க இடைவெளியும் சமமாக இருக்கும்படி திருகுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ரிங் தயாரித்தவர் சொன்ன டார்க் அளவே முடிவானது. பெரும்பாலும் 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும். கை பலத்தை நம்பாமல் டார்க் ரெஞ்ச் எடுங்கள். அதிகம் இறுக்கினால் ஸ்கோப் குழாய் நசுங்கி, டர்ரெட்டைத் திருப்பும்போது உள்ளே நகர வேண்டிய சிறு குழாயை, அதாவது எரெக்டரை, அழுத்தும். அப்போது ஜூம் வளையமோ பாரலாக்ஸ் (கண் அசைந்தால் குறி நகர்வதுபோல் தெரிவது) குமிழோ வழக்கத்தைவிட இறுகித் திரும்பும். அந்த இறுக்கத்தை உணர்ந்தால் உடனே தளர்த்திவிட்டு மறுபடி தொடங்குங்கள். இறுக்கி முடித்ததும் ஒவ்வொரு திருகின் தலையிலும், ரிங்கும் குழாயும் சேரும் இடத்திலும் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். நழுவினால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

கண் தூரத்தை, அதாவது கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள இடைவெளியை, அதிகபட்ச உருப்பெருக்கத்தில்தான் வைத்துக்கொள்ள வேண்டும், கண்ணுக்குக் கிடைக்கும் இடம் அங்கேதான் மிகக் குறுகியது. கண்பக்க வளையத்தை வெற்று வானத்தையோ வெள்ளைச் சுவரையோ பார்த்துச் சரிசெய்யுங்கள். இரண்டு விநாடி பார்த்துவிட்டுக் கண்ணை எடுக்க வேண்டும். தொடர்ந்து பார்த்தால் கண் தானே சமாளித்துக்கொள்ளும், மங்கல் தெரியாது. சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது.

இனி சாய்வு. குறுக்குக்கோட்டை டர்ரெட் மூடிமேல் வைத்த ரசமட்டத்தோடு ஒப்பிடுவது போதாது, ரெட்டிகிள் (குறுக்குக்கோடு உள்ள அமைப்பு) உள்ளேயே சற்றுத் திரும்பியிருக்கலாம். எட்டத்தில் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, செங்குத்துக் கோட்டை அந்த நூலோடு ஒட்ட வையுங்கள். ஒரு பாகை சாய்வு சின்ன விஷயம் போலத் தெரியும். 10 மில் ஏற்றினால் அதுவே 0.17 மில் பக்கவாட்டு விலகல், மூன்று பாகை என்றால் 0.52 மில். அதைக் காற்று என்று நினைத்து விண்டேஜை (பக்கவாட்டு டர்ரெட்டை) திருப்பிக்கொண்டிருப்பவர்கள் எல்லா ரேஞ்சிலும் உண்டு.

சுடாமல் சோதிப்பதே இதில் மிகப் பலன் தரும் பகுதி. மூச்சு, டிரிகர், காற்று, தோட்டா எதுவும் குறுக்கே வராது. ஒரு கனமான இரும்புக் கட்டையில் ரெயில் துண்டை முடுக்கி, அதை வைஸில் பிடித்து, ஸ்கோப்பை மட்டும் அதில் மாட்டுங்கள். ரைபிளோடு செய்தே ஆக வேண்டுமானால் தோட்டா அறை காலியாக, போல்ட் வெளியே இருக்க வேண்டும். எதிரே 100 மீட்டரில் ஒரு பலகை, அதில் தூக்குக்குண்டு வைத்து வரைந்த செங்குத்துக் கோடு, மேலிருந்து கீழே 10 செ.மீ.க்கு ஒரு குறி, மொத்தம் 1 மீட்டர்.

தூரத்தை டேப்பால் அளக்க வேண்டும். லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் ஒரு மீட்டர் முன்பின் காட்டினாலே 100 மீட்டரில் ஒரு சதவீதப் பிழை, நாம் தேடும் பிழையும் அவ்வளவுதான். அளவு பலகையிலிருந்து ஸ்கோப்பின் முன் கண்ணாடி வரை இருக்கட்டும். 25 மீட்டர் இடம்தான் கிடைக்கிறது என்றால் முன் கண்ணாடிக்கும் கண்ணுக்கும் இடையே உள்ள 30 செ.மீ.யே ஒரு சதவீதத்தைத் தாண்டிவிடும்.

பாரலாக்ஸை முழுதாக நீக்குங்கள். தலையை மேலும் கீழும் அசைத்துப் பார்க்கும்போது குறுக்குக்கோடு பலகையில் நகரக் கூடாது. படம் தெளிவாக இருப்பதால் பாரலாக்ஸ் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குமிழில் எழுதியிருக்கும் மீட்டர் எண்ணும் தோராயமானதே.

பிறகு நடுப்புள்ளியை மேல் குறியில் வைத்து, டர்ரெட்டை ‘மேலே’ திசையில் திருப்புங்கள். குறுக்குக்கோடு கீழே இறங்கும். புதியவர்கள் இங்கே குழம்புவார்கள். டர்ரெட்டின் அம்புக்குறி குண்டு விழும் இடம் போகும் திசை, பார்வைக் கோடு அதற்கு எதிராகப் போகும். 2 மில்லுக்கு ஒருமுறை நிறுத்தி, கோடு நிற்கும் இடத்தை எழுதிக்கொள்ளுங்கள். 10 வரை போய், அதே படிகளில் திரும்பி வாருங்கள். தூக்குக்குண்டுக் கோட்டைவிட்டுப் பக்கவாட்டில் விலகுகிறதா என்பதையும் குறியுங்கள். ரெட்டிகிள் நூலோடு ஒட்டியிருந்தும் ஏற்ற ஏற்ற விலகினால், ரெட்டிகிளும் டர்ரெட்டின் அச்சும் ஒன்றுக்கொன்று நேராக இல்லை.

டர்ரெட்டைத் திருப்பும் கையே கட்டையை அசைத்துவிடக்கூடும். அதைக் கண்டுபிடிக்க அதே கட்டையில் இன்னொரு ஸ்கோப்பை மாட்டி ஒரு புள்ளியில் நிறுத்திவையுங்கள், அதைத் தொடவே வேண்டாம். அது இடம் மாறியிருந்தால் அந்த அளவு செல்லாது.

எழுதிய எண்களைப் படிப்பதில்தான் அனுபவம் தெரியும். 2 மில்லில் 19.6, 4 மில்லில் 39.2, 10 மில்லில் 98 செ.மீ. என்று ஒரே விகிதத்தில் குறைந்தால் அது அளவுப் பிழை. எரிச்சலூட்டும், ஆனால் சமாளிக்கலாம். 10 ஐ 9.8 ஆல் வகுத்தால் 1.02. தேவைப்படும் திருத்தத்தை அதனால் பெருக்கித் திருப்பினால் சரியாகும். திருத்தாமல் விட்டால், 800 மீட்டரில் 8 மில் தேவைப்படும் இடத்தில் 0.16 மில் குறையும், அதாவது கிட்டத்தட்ட 13 செ.மீ. கீழே. எண்கள் முறையில்லாமல் குதித்தாலோ, ஏறும்போது ஒன்றும் இறங்கும்போது வேறொன்றும் வந்தாலோ எந்தக் கணக்கும் உதவாது. எரெக்டரைத் தாங்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், திருகு தேய்ந்திருக்கலாம். 8 வரை ஒழுங்காக வந்து அதற்கு மேல் கிளிக் சத்தம் மட்டும் கேட்டு, கோடு நகரவில்லையென்றால் நகர்வு எல்லை முடிந்துவிட்டது. விண்டேஜ் ஒரு ஓரத்தில் இருந்தால் மேல் நகர்வும் சுருங்கும், ஏனென்றால் எரெக்டர் அசையக் கிடைப்பது வட்டமான ஓர் இடம். இதற்கு 20 எம்.ஓ.ஏ. சாய்வு ரெயில் போட்டால் 5.8 மில் மேலே கூடுதலாகக் கிடைக்கும்.

சுட்டுப் பார்க்கும் கட்டம். முதல் ஜீரோவுக்குப் போல்ட்டைக் கழற்றி, பேரல் வழியாகக் குறியைப் பார்த்து, ரைபிள் அசையாமல் குறுக்குக்கோட்டை அங்கே கொண்டுவந்தால் போதும். பிறகு 25 மீட்டர், அடுத்து 100. 25 மீட்டரில் 0.1 மில் கிளிக் 2.5 மி.மீ.தான், அதே செ.மீ. விலகலுக்கு நூறில் திருப்புவதைவிட நான்கு மடங்கு கிளிக் தேவை. ஜீரோ ஆனதும் டர்ரெட் மூடியைத் தளர்த்தி 0 இல் வைத்து இறுக்கும்போது உள்தண்டு சேர்ந்து திரும்பிவிடுவது சகஜம். அதற்குப் பிறகு இன்னொரு குரூப் (ஒரே குறிக்குச் சுடும் சில குண்டுகளின் தொகுப்பு) சுடாமல் ஜீரோ என்று எழுதாதீர்கள்.

அதே உயரப் பலகையில், கீழே உள்ள ஒரே புள்ளியை மட்டும் குறிவைத்து 0 இல் ஐந்து, 10 மில்லில் ஐந்து, மறுபடி 0 இல் ஐந்து. குரூப்புகளின் மையத்துக்கு மையம் அளக்க வேண்டும், அழகாக விழுந்த ஓட்டையிலிருந்து அளக்கக் கூடாது. 100 மீட்டரில் 3 செ.மீ. குரூப் தரும் ரைபிளுக்கு இரண்டு மையங்களின் இடைவெளியில் சுமார் 0.6 செ.மீ. ஐயம் இருக்கும். 1 மீட்டர் நகர்வில் அது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. டர்ரெட்டுகளைத் திருப்பி ஒரு சதுரத்தின் மூலைகளில் சுட்டுத் தொடங்கிய இடத்துக்கே திரும்பும், பரவலாகச் செய்யப்படும் சின்னப் பெட்டிச் சோதனையில், பக்கம் 10 செ.மீ. என்றால், அதே ஐயம் 6 சதவீதம். ஆகவே பெட்டிச் சோதனை ஸ்கோப் ஜீரோவுக்குத் திரும்புகிறதா என்று மட்டும்தான் சொல்லும், கிளிக் அளவை அளக்க அது உதவாது. குரூப்புகளுக்கு நடுவே பேரலை ஆறவிடுங்கள்.

ஸ்கோப் கட்டையில் ஒழுங்காக இருந்து ரைபிளில் மட்டும் ஜீரோ திரும்பவில்லையென்றால் முதலில் பெயின்ட் கோடுகளைப் பாருங்கள், பிறகு ரெயிலை. இரண்டும் சரியென்றால், அதிர்வில் மட்டும் நகரும் ஸ்பிரிங் கோளாறாக இருக்கலாம். திருப்பியதும் முதல் குண்டு மட்டும் விலகி, அடுத்தவை சரியான இடத்தில் விழுவது இதன் அடையாளம். ஸ்பிரிங் பிஸ்டன் ஏர் ரைபிளில் இது சீக்கிரம் வரும். அதன் உதைப்பு பின்னும் முன்னும் இரு திசையிலும் அடிக்கும், அதற்கென்று செய்யாத ஸ்கோப் தாங்காது.

இரண்டாம் குவியத் தள ஸ்கோப் (ஜூம் மாறினாலும் ரெட்டிகிளின் அளவு மாறாமல் தெரிவது) என்றால் இன்னொரு வேலை பாக்கி. ரெட்டிகிளில் உள்ள கோடுகள் ஒரே ஒரு உருப்பெருக்கத்தில்தான் சரியான அளவு காட்டும், பெரும்பாலும் அதிகபட்சத்தில். பாதிக்குக் குறைத்தால் ஒரு மில் கோடு இரண்டு மில்லை மூடும். டர்ரெட் கிளிக்குகள் மட்டும் எந்த ஜூமிலும் மாறாது. கட்டையில் ஸ்கோப் இருக்கும்போதே ஜூமைக் குறைந்தபட்சத்திலிருந்து அதிகபட்சம் வரை மெதுவாகத் திருப்பி, நடுப்புள்ளி பலகையில் நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால், ஜீரோ வைத்த அதே உருப்பெருக்கத்தில் மட்டும் சுடுவதுதான் வழி.