லண்டன்–நியூயார்க் தூரத்தையும் நேரத்தையும் நானே கணக்கிட்ட அனுபவம்

லண்டனிலிருந்து நியூயார்க் செல்லும் விமானத்துக்கு ஏறத்தாழ 8 மணி நேரமும், திரும்பி வரும் விமானத்துக்கு ஏறத்தாழ 7 மணி நேரமும் அட்டவணைகளில் குறிக்கப்பட்டிருக்கின்றன. தூரம் ஒன்றுதானே, நேரம் மட்டும் ஏன் இரண்டு என்று தோன்றவே, விளக்கம் தேடிப் படிப்பதற்கு முன் நானே கணக்கிட்டுப் பார்க்க உட்கார்ந்தேன்.

ஹீத்ரோ விமான நிலையம் வடக்கு 51.47, மேற்கு 0.45 பாகையிலும், கென்னடி விமான நிலையம் வடக்கு 40.64, மேற்கு 73.78 பாகையிலும் இருக்கின்றன. ஒரு பாகைக்கு 111 கி.மீ. என்று படித்தது நினைவில் இருந்ததால், அட்சரேகை, தீர்க்கரேகை வேறுபாடுகளைச் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாக வைத்துப் பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டேன். விடை 8,200 கி.மீ.யைத் தாண்டியது. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறந்தாலும் அதற்கு 9 மணி நேரம் ஆகும் என்பதால், தவறு என்னுடையதுதான் என்று உடனே தெரிந்துவிட்டது. தீர்க்கரேகைகள் துருவங்களை நோக்கி நெருங்கிக்கொண்டே போகின்றன. நிலநடுக்கோட்டில் 111 கி.மீ. இருக்கும் ஒரு பாகை, 60ஆவது அட்சரேகையில் அதில் பாதியாகச் சுருங்கிவிடுகிறது. அதை நான் மறந்தே போயிருந்தேன்.

பிறகு கோளத்துக்கு உரிய கோசைன் சூத்திரத்தைப் பயன்படுத்தியபோது, இரு இடங்களுக்கும் இடையிலான கோணம் 49.83 பாகை என்று வந்தது. பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. என்று கொண்டால் அது ஏறத்தாழ 5,540 கி.மீ., அதாவது 2,990 கடல் மைல். பூகோள உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் இந்தப் பாதையைக் கண்ணாலேயே பார்க்கலாம்: நேர் மேற்கே போகாமல், முதலில் வடக்கே வளைந்து அயர்லாந்தின் மேலாகச் செல்கிறது. தட்டையான வரைபடத்தில் சுற்றுவழி போலத் தெரியும் இந்த வளைவு, திசைகாட்டியின் ஒரே கோணத்தைப் பிடித்துச் செல்லும் பாதையைவிட 200 கி.மீ.க்கும் மேல் குறுகியது. எனக்கு இதை நம்பவே நூல் தேவைப்பட்டது.

நேரக் கணக்கு இவ்வளவு எளிதாக முடியவில்லை. 5,540ஐ 900ஆல் வகுத்தால் 6 மணி 9 நிமிடம். அட்டவணையில் உள்ள இரண்டு எண்களுக்கும் அது பொருந்தவில்லை. அட்டவணை நேரம் வாயிலிலிருந்து வாயில் வரையிலானது என்பதால், தரையில் ஊர்ந்து செல்லும் நேரமும், ஏறும்போதும் இறங்கும்போதும் குறையும் வேகமும் அதில் அடங்கும். மீதியைக் காற்று விளக்கிவிட்டது. வட அட்லாண்டிக்கின் மேல் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டத்தை மணிக்கு 100 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், எதிர்த்துப் பறக்க 6 மணி 55 நிமிடமும், அதனோடு சேர்ந்து பறக்க 5 மணி 32 நிமிடமும் ஆகின்றன. 2020 பிப்ரவரியில் இந்தக் காற்று மிக வலுவாக இருந்தபோது, ஒரு பயணிகள் விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனை 4 மணி 56 நிமிடத்தில் அடைந்திருக்கிறது.

கடைசியாக மார்ச் மாத அட்டவணை ஒன்றை எடுத்து, காலை 11 மணிக்குக் கிளம்பி அங்கே பிற்பகல் 3 மணிக்கு இறங்கும் விமானத்துக்கு, வழக்கமான 5 மணி நேர வேறுபாட்டைக் கூட்டியபோது 9 மணி நேரம் வந்து மீண்டும் குழம்பினேன். அமெரிக்கா மார்ச்சின் இரண்டாம் ஞாயிறன்றும், பிரிட்டன் கடைசி ஞாயிறன்றும் கடிகாரத்தை முன்னே நகர்த்துவதால், இடைப்பட்ட நாட்களில் வேறுபாடு 4 மணி நேரம்தான். அதன்பின் இரு முனை நேரங்களையும் கிரீன்விச் நேரத்துக்கு மாற்றிய பிறகே கழிக்கிறேன்.