தெருவில் ஒரு மாலைப் படிப்பகம் தொடங்குமுன்

படிப்பகம் தொடங்க நினைப்பவர்கள் முதலில் தேடுவது பாடம் நடத்த ஆளை. அதற்கும் முன்பே முடிவாக வேண்டியது இடம். கோவில் மண்டபத்தில் வைத்தால் எந்தத் தெருப் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பள்ளி வராண்டா, ஊர்ப்புற நூலகம், ஊராட்சிக் கட்டடம் என்று எல்லாப் பிள்ளைகளும் தயங்காமல் படியேறும் இடமாகப் பாருங்கள். நேரம் ஐந்தரை முதல் ஏழு வரை போதும். இருட்டிய பிறகும் நீண்டால் முதலில் வராமல் நின்றுவிடுபவர்கள் பெண் பிள்ளைகள்தான்.

2021-ல் தமிழக அரசு இல்லம் தேடிக் கல்வி என்ற மாலை நேரக் கற்பித்தல் திட்டத்தைத் தொடங்கியபோது ஒரு தன்னார்வலருக்குச் சுமார் 20 பிள்ளைகள் என்று வைத்தார்கள். அதைத் தாண்டாதீர்கள். தாண்டினால் யார் முகம் வாடியிருக்கிறது என்று பார்க்கவே நேரமிருக்காது.

வகுப்பு வாரியாக உட்கார வைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. முதல் வாரம் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து வாசிக்கச் சொல்லுங்கள். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு பயன்படுத்தும் எளிய சோதனையே போதும்: எழுத்து, சொல், சிறு பத்தி, சிறு கதை. ஐந்து சொற்களில் நான்கைச் சரியாகப் படித்தால் சொல் நிலை தேறியது. கணக்கில் கடன் வாங்கிக் கழித்தலும், மூன்று இலக்க எண்ணை ஓரிலக்கத்தால் வகுத்தலும் பார்த்தால் நிலை தெரிந்துவிடும். மற்ற பிள்ளைகள் காதில் விழாத தூரத்தில் இதைச் செய்ய வேண்டும். சேட்டைக்காரன் என்று பெயரெடுத்த ஏழாம் வகுப்புப் பையன் சொல் நிலையிலேயே நிற்பது இங்கேதான் பல நேரம் தெரியவரும். படிக்கத் தெரியாததை மறைக்கத்தான் அத்தனை சேட்டையும்.

அவனை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வைத்தால் மறுநாள் வரமாட்டான். பெரிய பிள்ளைகளுக்குத் தனிக்குழு வையுங்கள். அவர்களுக்கு அணில், ஆடு படப்புத்தகம் வேண்டாம். கிரிக்கெட் செய்தி, பேருந்துப் பலகை, ரேஷன் அட்டை என்று வாழ்க்கையில் புழங்கும் எழுத்தைக் கொடுங்கள். வருகைப் பதிவேட்டையோ சுண்டல் பங்கிடுவதையோ அவனிடம் ஒப்படையுங்கள். (20 பேருக்கு முக்கால் கிலோ கொண்டைக்கடலை தாராளம். முந்தின இரவே ஊறப்போட வேண்டும். மதியச் சத்துணவுக்குப் பிறகு மாலை ஐந்தரைக்கு வயிறு காலியாகத்தான் இருக்கும், பசியோடு எழுத்து ஏறாது.)

முதல் பத்து நிமிடம் பாடத்தைத் தொடாதீர்கள். வட்டமாக உட்கார்ந்து இன்று நடந்த ஒன்றைச் சொல்லட்டும். பேச விரும்பாதவர் "அடுத்து" என்று சொல்லிவிடலாம். தினமும் பேசும் பிள்ளை தொடர்ந்து "அடுத்து" சொல்வது, விளையாட்டை விட்டு ஒதுங்குவது, வெயிலிலும் முழுக்கையை இறக்கிவிட்டிருப்பது, ஆசையாக வைத்திருந்த பொருளை யாருக்கோ கொடுத்துவிடுவது ஆகியவற்றைக் கவனியுங்கள். தனியே கூப்பிட்டு நேராகவே கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள்.

"யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். உன் பாதுகாப்புக்குத் தேவையானவர்களிடம் மட்டும் சொல்வேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பாலியல் தொல்லை பற்றித் தெரிந்தால் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்துக்கொள்ளும் விஷயம் கிடையாது. பிள்ளையை ஆளாளுக்குத் திரும்பத் திரும்ப விசாரிப்பதும் கொடுமை. ஒருவர் கேட்டு, சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு, குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்க வேண்டும்.

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவு வரும் நாளுக்குத் தனியாகத் திட்டம் வேண்டும். தேறாத பிள்ளையின் வீட்டுக்கு அன்றைக்கே ஒருவர் போய், முதலில் பெற்றோரிடம் பேச வேண்டும். அடி, ஏச்சு, பக்கத்து வீட்டு மதிப்பெண் ஒப்பீடு மூன்றும் அன்று கூடாது. துணைத்தேர்வு அந்த ஆண்டிலேயே வருகிறது. விண்ணப்பிக்கக் கிடைக்கும் நாட்கள் குறைவு, பல வீடுகளில் அந்த நாட்கள் அழுகையிலேயே போய்விடுகின்றன. ஆகவே மறுநாள் காலை பிள்ளையோடு பள்ளிக்குப் போய்ப் படிவத்தை நிரப்பிக் கொடுக்க ஓர் ஆளை இப்போதே பேசி வையுங்கள்.