மேலே ஏற்றிய சுழியம் பாகைக் குறி ஆகாது

சில ஆண்டுகளுக்கு முன், காய்ச்சலில் படுத்திருந்த உறவினர் ஒருவரின் உடல்வெப்பத்தை நாள்தோறும் கணினியில் குறித்து வந்தேன். வெப்பநிலை எண்ணோடு இடும் பாகைக் குறி (°) கணினியில் எங்கே இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆகவே 38 என்ற எண்ணை அடுத்து ஒரு சுழியத்தை இட்டு, அதை மேலெழுத்தாகச் சிறிதாக்கி வைத்தேன். திரையில் பார்க்கக் குறையேதும் இல்லை. அந்த வரியை நகலெடுத்துக் குறுஞ்செய்தியில் ஒட்டி அனுப்பியபோது மேலெழுத்து வடிவம் உதிர்ந்துபோய், 38° என்று நான் எண்ணியிருந்தது 380 என்றே போய்ச் சேர்ந்தது. செய்தியைப் பெற்றவர் பதறிப்போய் உடனே தொலைபேசியில் அழைத்தார்.

கணினி எழுத்தின் உருவத்தைச் சேமிப்பதில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் தனி எண் தரும் யுனிகோடு என்ற பொதுத் தரம் அதற்கு வழங்கியிருக்கும் எண்ணையே சேமிக்கிறது. பாகைக் குறியின் எண் 176. அதைப் போலவே தோன்றும் º என்ற குறிக்கு 186, ˚ என்ற வளையத்துக்கு 730. முன்னது ஸ்பானிய மொழி முதலியவற்றில் ‘முதலாவது’, ‘இரண்டாவது’ என எழுத உதவும் குறி. பின்னதற்கும் வெப்பநிலைக்கும் தொடர்பே இல்லை. கண்ணுக்கு மூன்றும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் தேடும்போது ஒன்றுக்காக மற்றொன்று அகப்படாது.

விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலப்புற எண்தளத்தில் 0176 என்று தட்டி விரலை எடுத்தால் ° வந்துவிடும். முன்னால் உள்ள சுழியத்தை விட்டுவிடக் கூடாது. விட்டால் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளக் காலத்துக் குறித்தொகுப்பு விழித்துக்கொண்டு, பெரும்பாலும் ░ என்ற புள்ளிக்கட்டம் வந்து நிற்கும். இதே முறையில் 0215 பெருக்கல் குறியையும் (×), 0189 அரையையும் (½) தரும். எண்தளம் இல்லாத மடிக்கணினியில் விண்டோஸ் விசையோடு முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் திறக்கும் பலகையில் குறியீடுகளுக்கெனத் தனிப்பகுதி உண்டு. மேக் கணினியில் ஆப்ஷன், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். ஐபோனில் 0 விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் பாகைக் குறி மேலெழும். குறியின் பெயரே தெரியாதபோது, கூகுள் டாக்ஸின் சிறப்பு எழுத்துகள் பகுதியில் அதை வரைந்து காட்டித் தேடலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த வசதி.

சரியான குறியே எங்கும் பொருந்தும் என்றும் சொல்லிவிட முடியாது. அச்சில் அழகாக அமையும் கழித்தல் குறியை (−) விரிதாளின் கட்டத்தில் ஒட்டினால், அந்த எண் வெறும் உரையாகக் கொள்ளப்பட்டுக் கூட்டலில் விடுபட்டுப் போகலாம். கணக்குக்கு விசைப்பலகையில் உள்ள சிறுகோடே ஏற்றது.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது நம் ஔகாரத்துக்கு நேரும் கதி. ‘ஔ’ என்பது 2964 என்ற ஒற்றை எண்ணைக் கொண்ட ஓர் உயிரெழுத்து. விசை அகப்படாத அவசரத்தில் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி ‘ஒளவையார்’ என்று எழுதிவிடுகிறோம். பார்வைக்கு ஔவையார்தான், கணினிக்கோ அது 2962, 2995 என்ற வேறு இரண்டு எழுத்துகள். ‘ஔவையார்’ என்று சரியாகத் தட்டித் தேடுபவருக்கு அந்தப் பக்கம் கிடைக்காமல் போகலாம். அகரவரிசையில் பெயர் ஒகரத்தின் கீழே போய் விழும். உரையைப் படித்துக் காட்டும் மென்பொருள் ‘ஒளி’யில் வரும் ஒலியோடு அதைத் தொடங்கும். தமிழ்99 விசைப்பலகையில் எழுத்துகளின் கடைசி வரிசையில் இடது ஓரத்து முதல் விசையே ஔ. தமிழ் ஒலியை ஆங்கில எழுத்துகளில் தட்டும் ஒலிபெயர்ப்பு முறையில் எழுதுவோர்க்கும் பெரும்பாலும் இரண்டே தட்டுகள்தான்.

அடிக்கடி தேவைப்படும் குறிகளைக் கைபேசியின் சொல்மாற்று அமைப்பில் ஒருமுறை பதிந்து வைத்துக்கொள்வது என் வழக்கம். ‘பாகைகு’ என்று தட்டினால் ° என்று மாற்றிக்கொள்ளும்படி வைத்திருக்கிறேன். நாளைக் குறிக்கும் ௳, மாதத்தைக் குறிக்கும் ௴, ஆண்டைக் குறிக்கும் ௵ ஆகிய நம் பழைய குறிகளுக்கும் அப்படியே ஒவ்வொரு சுருக்கம் வைத்திருப்பதால், பழைய ஏடுகளிலிருந்து ஏதேனும் எடுத்தெழுதும்போது இப்போதெல்லாம் அவற்றைத் தேடி நிற்க வேண்டியிருப்பதில்லை.