வேலை போன பிறகு கோச் ஆக நினைப்பவர்களுக்கு: பணம் கட்டும் முன் சில விஷயங்கள்

நாற்பதைத் தாண்டிய ஒரு ஐ.டி. கம்பெனி டெலிவரி மேனேஜருக்கு ஆட்குறைப்பில் வேலை போனால், கொஞ்ச நாளிலேயே அவர் லிங்க்ட்இன் பக்கத்தில் கோச்சிங் (அறிவுரை சொல்லாமல், கேள்வி கேட்டு ஒருவரைத் தானே வழி கண்டுபிடிக்க வைக்கும் தொழில்) சான்றிதழ் விளம்பரங்கள் வரிசை கட்ட ஆரம்பித்துவிடும். செட்டில்மென்ட் பணம் கையில் இருக்கும் நேரம். ‘இத்தனை வருஷமா டீம்ல இருக்கற பசங்களை வளர்த்துத்தானே விட்டோம், அதையே தொழிலா செஞ்சா என்ன?’ என்று தோன்றும். தப்பான யோசனை இல்லை. பலருக்கு இந்த வேலை மனதுக்கு நிறைவாக அமைகிறது. ஆனால் பணம் கட்டிவிட்டு, அப்புறம் இது நமக்குப் பிடிக்கிறதா என்று பார்க்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். முதலில் பத்துப் பேரோடு உட்கார்ந்து பேசிப் பாருங்கள்.

ஆளுக்கு இரண்டு சந்திப்பு, ஒவ்வொன்றும் 45 நிமிடம், இலவசம். உங்களிடம் நேரடியாக வேலை பார்த்தவர்கள் வேண்டாம். அவர்கள் இன்னும் உங்களை மேனேஜராகத்தான் பார்ப்பார்கள். நண்பரின் நண்பர், புதிதாக டீம் லீட் ஆனவர், குழந்தை பிறந்த பிறகு வேலைக்குத் திரும்ப நினைக்கும் பெண் என்று தேடுங்கள். அவர்கள் அனுமதியோடு பேச்சைப் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். இருவரில் யார் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று கணக்கெடுங்கள். உங்கள் குரல் கால்வாசிக்கு மேல் இருந்தால், அங்கே நடந்தது அறிவுரை.

மேனேஜராக இருந்தவர்களுக்கு இந்த இடம்தான் கஷ்டம். உடனே பதில் சொல்வதற்காகத்தானே இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினார்கள்! ஒரு உதாரணம் பாருங்கள். எதிரே இருப்பவர் சொல்கிறார்: “சார், என்னை டீம் லீட் ஆக்கிட்டாங்க. கூட இருந்த பசங்க இப்ப நான் சொன்னா கேக்கவே மாட்டேங்கறாங்க.” பழக்கதோஷத்தில் நம் வாயில் வருவது: “வாரம் ஒரு தடவை தனித்தனியா உக்காந்து பேசிப் பாருங்களேன்?” கேள்வி மாதிரி இருந்தாலும் இது யோசனைதான். அதற்குப் பதில், “போன வாரம் அப்படி நடந்தது ஒண்ணு சொல்லுங்க” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவர் ஒரு சம்பவத்தைச் சொல்வார். நிறுத்துவார். அந்த இடைவெளியை நீங்கள் நிரப்பாமல் இருந்தால், “உண்மையச் சொல்லணும்னா சார், அவங்க லேட் பண்ணினா நானே உக்காந்து முடிச்சுடறேன்” என்பார். விஷயம் இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது. ‘ஏன் அப்படிச் செய்யறீங்க?’ என்று கேட்டால் தற்காப்புக்குப் போய்விடுவார். ‘அப்படி முடிச்சுக் குடுக்கறப்ப உங்களுக்கு என்ன தோணும்?’ என்றால் யோசிப்பார்.

ஆரம்பத்தில் ஒரு கேள்வியும் முடிவில் ஒரு கேள்வியும் தவறக்கூடாது. ‘இன்னைக்குப் பேசி முடிக்கும்போது உங்களுக்கு எது தெளிவாகியிருக்கணும்?’ என்பது ஆரம்பம். ‘யார்கிட்ட, எப்போ, என்ன சொல்லப் போறீங்க?’ என்பது முடிவு. முதல் கேள்வி இல்லாத சந்திப்பு டீக்கடைப் பேச்சாகக் கரைந்துவிடும்.

இந்தச் சந்திப்புகள் முடிந்த பிறகும் ஆர்வம் குறையவில்லை என்றால் பயிற்சிக்குப் போங்கள். 1995-இல் தொடங்கப்பட்ட ஐ.சி.எஃப் (இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன்) என்னும் சர்வதேச அமைப்பின் சான்றிதழைத்தான் இந்தியாவில் பெரிய நிறுவனங்கள் அதிகம் கேட்கின்றன. அதன் முதல் நிலை ஏ.சி.சி (அசோசியேட் சர்டிஃபைட் கோச்). இதற்கு 60 மணி நேரப் பயிற்சி, குறைந்தது 8 வாடிக்கையாளர்களோடு 100 மணி நேர கோச்சிங் அனுபவம், 10 மணி நேர மென்டர் கோச்சிங் (அனுபவமுள்ள கோச் ஒருவர் நம் கோச்சிங்கைக் கவனித்துக் கருத்துச் சொல்வது), ஒரு தேர்வு எல்லாம் வேண்டும். அந்த 100 மணியில் 75 மணி கட்டணம் பெற்றதாக இருக்க வேண்டும். தொகை சின்னதாக இருந்தாலும் சரி. மென்டர் கோச்சிங்கை ஒரே வாரத்தில் முடிக்க முடியாது. குறைந்தது மூன்று மாதம் பரவியிருக்க வேண்டும். அடுத்த நிலையான பி.சி.சி-க்கு (புரொஃபஷனல் சர்டிஃபைட் கோச்) அனுபவம் 500 மணி.

விளம்பரத்தில் பெரிதாகத் தெரிவது 60 மணிதான். ஒரு மணி நேரச் சந்திப்பு வாரம் மூன்று கிடைத்தாலே 100 மணியைத் தொட எட்டு மாதம் ஆகும். ஆரம்பத்தில் வாரம் மூன்று கிடைப்பதே அபூர்வம். பயிற்சி தொடங்கிய பிறகு செய்த மணிகள்தான் கணக்கில் வரும் என்பதையும் மனதில் வையுங்கள். வாடிக்கையாளர் பெயர், தொடர்பு விவரம், தொடங்கிய தேதி, முடிந்த தேதி, கட்டணமா இலவசமா என்று முதல் நாளிலிருந்தே ஒரு ஷீட்டில் எழுதி வாருங்கள். விவரத்தைப் பதிவு செய்ய அவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பல மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் தேடி இதையெல்லாம் தொகுப்பது பெரிய அவஸ்தை.

இந்த எட்டு மாதத்துக்கு வீட்டுச் செலவு எங்கிருந்து வரும்? சான்றிதழை விட இந்தக் கேள்வி முக்கியம். ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை செய்தவருக்குக் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு: அதற்குக் கணக்கில் எடுக்கும் கடைசி மாதச் சம்பளத்தை (அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி முதலியவை) 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, பணியாற்றிய வருஷங்களால் பெருக்க வேண்டும். அந்த மாதச் சம்பளம் 60,000 ரூபாயாக இருந்து, 12 வருஷம் வேலை பார்த்திருந்தால் சுமார் 4,15,000 ரூபாய் வரும். இந்தப் பணம் வீட்டுக்கு. ஒரு வருஷ இ.எம்.ஐ, பள்ளிக் கட்டணம், சொந்தமாக எடுக்கும் மருத்துவக் காப்பீடு (கம்பெனி காப்பீடு பெரும்பாலும் கடைசி நாளோடு முடிந்துவிடும்) ஆகியவற்றைத் தனியாக எடுத்து வைத்த பிறகு மிச்சம் இருந்தால் பயிற்சிக்குக் கட்டுங்கள். கடன் வாங்கிக் கட்ட வேண்டாம். வேறு வேலை தேடுவதையும் நிறுத்த வேண்டாம். வேலையில் இருந்துகொண்டே மாலையிலும் சனிக்கிழமையிலும் 100 மணியை முடிப்பதுதான் பெரும்பாலோருக்குச் சரிப்படும்; பணத்துக்காகத் தவிக்கும் கோச், வாடிக்கையாளருக்குத் தேவையில்லாத ஆறு சந்திப்புகளைக் கூட்டி விற்கத் தொடங்கிவிடுவார்.

முதல் வாடிக்கையாளர்கள் பொதுவாக நீங்கள் வேலை பார்த்த துறையிலிருந்துதான் வருவார்கள். ‘லைஃப் கோச்’ என்று போட்டுக்கொண்டால் யாருக்கும் எதுவும் புரியாது. ‘டெஸ்டிங்கில் இருந்து மேனேஜர் ஆனவர்களின் முதல் ஆறு மாதம்’ என்றால், அந்த நிலையில் இருப்பவர் தானாகக் கூப்பிடுவார்.

வேலை இழந்தவர்களும் உங்களைத் தேடி வருவார்கள். நீங்களும் அதைக் கடந்து வந்தவர் என்பதால் உங்களிடம் மனம் விட்டுப் பேசுவார்கள். இங்கே கவனம் ரொம்ப முக்கியம். வாரக்கணக்காகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன பிரயோஜனம் என்று ஒருவர் சொன்னால், அந்தக் கணமே கோச்சிங்கை நிறுத்துங்கள். அது மனநல மருத்துவரின் வேலை. வீட்டில் யாருக்கு இது தெரியும் என்று கேளுங்கள். டெலி மனாஸ் என்னும் அரசு மனநல உதவி எண் 14416-க்கு அவரோடு சேர்ந்தே போன் செய்யுங்கள். கட்டணமில்லாத சேவை, தமிழிலும் பேசலாம். அந்தச் சந்திப்புக்குக் காசு வாங்காதீர்கள். மறுநாள் ஒரு போன் போட்டு மருத்துவரைப் பார்த்தாரா என்று விசாரியுங்கள்.