வீதியோரக் கல்லில் எழுத வேண்டியவை

ஊருக்குப் போய்வரும் நம்மவர்களில் அநேகர், மட்டக்களப்புப் புளியந்தீவு வாவிக்கரையில் நிற்கும் வில்லியம் ஓல்ட் பாதிரியாரின் சிலையருகே படமெடுத்து நம் பழைய மாணவர் சங்கத்துக்கு அனுப்புகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது. மெதடிஸ்த மத்திய கல்லூரி அவரிலிருந்துதான் தன் வயதை எண்ணுகிறது. ஆனாலும் நம் சங்கம் கல்லூரியின் வீதியோர மதிலில் இன்னொரு நினைவுக்கல்லைப் பதிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஓல்டின் கதையை நான் கேட்டது ஒரு தமிழ்ப் பாடவேளையில். 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப்போட்டிருந்தது. வகுப்புகள் மறுபடி தொடங்கிய நாட்களில் எங்களில் பலரிடம் கொப்பியும் இல்லை, புத்தகமும் இல்லை. எனவே ஆசிரியர் பாடத்தை ஒதுக்கிவிட்டுக் கல்லூரியின் கதையைச் சொன்னார். தோமஸ் கோக் தலைமையில் 1813 டிசம்பர் கடைசியில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறிய மெதடிஸ்த மிஷனரிமாரின் சிறு குழுவில் ஓல்டும் ஒருவர். நடுக்கடலில் ஓல்டின் மனைவி இறந்தார். இலங்கையை எட்டுமுன்பே, 1814 மே 3 அன்று, கோக்கும் இறந்தார். தலைவரை இழந்த இளைஞர்கள் ஜூன் 29 அன்று இலங்கைக் கரையில் இறங்கி, காலியில் கூடிப் பேசி, ஆளுக்கோர் ஊராகப் பிரிந்தார்கள். ஓல்டுக்கு வாய்த்தது மட்டக்களப்பு. வந்த இடத்தில் பள்ளிக்கூடம் தொடங்கினார். 1815 ஏப்ரல் 1 அன்று அவரும் போய்விட்டார்.

“இந்த நாட்டில் அவர் இருந்தது ஒன்பது மாதம். மிச்சத்தை யார் செய்தார்கள், பிள்ளைகள்?” என்று கேட்டார் ஆசிரியர். எவரும் வாய் திறக்கவில்லை. அவருடைய வீட்டுக் கூரையையும் அந்தக் காற்று கொண்டுபோயிருந்தது என்பது எங்களுக்குத் தெரியும். அப்படியிருந்தும் நேரம் தவறாமல் சைக்கிளில் வந்து எங்கள் முன்னே நின்றார்.

நான் கேட்கும் கல், அந்தக் கேள்விக்குரிய பதிலைச் சொல்ல வேண்டும். ஓல்டின் பெயரும் 1814 என்ற ஆண்டும் முதல் வரியில் இருக்கட்டும். அது அவருக்குரிய இடம். அதற்குக் கீழே, இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இங்கே பாடம் சொன்ன நம் ஊர் ஆசிரியர்களைக் குறிப்பிட வேண்டும். மணியடித்தவர்களையும் விடுதியில் சமைத்தவர்களையும் சேர்க்க வேண்டும். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து வந்த பிள்ளைகளை மறக்கவே கூடாது. என்னோடு படித்த சிலர் விடியுமுன் எழுந்து, மண்முனையில் ‘பாதை’ என்னும் மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்து, பஸ் பிடித்து வந்தவர்கள். மழைக்காலத்தில் பாதை ஓடாவிட்டால் அவர்களுடைய வாங்கு வெறுமையாகக் கிடக்கும். மறுநாள் வந்ததும் விட்டுப்போன பாடத்தை எங்களிடம் வாங்கி எழுதுவார்கள். மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது 2014இல், கல்லூரிக்கு இருநூறு வயதான அதே ஆண்டில். இன்று பாலத்தில் சில நிமிடங்களில் கடந்துவரும் பிள்ளைக்கு, தன் மாமனோ தகப்பனோ எப்படி வந்து படித்தார் என்பதை அந்த மதில் சொல்லட்டும்.

மிஷன் செய்தது பெரிய காரியம். அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் தொடங்கியவரை மட்டும் எழுதி நிறுத்தினால், எங்கள் ஊர் கொடுக்கப்பட்டதை வாங்கிக்கொண்ட ஊராக மட்டுமே தெரியும். பிள்ளையை அனுப்ப நகையை அடகுவைத்த தாய்மாரின் ஊர் அது.

எழுத்து தமிழில் முதலில் வரட்டும். சிங்களமும் ஆங்கிலமும் தொடரட்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளை அண்ணாந்து பார்க்காமல் வாசிக்கும் உயரத்தில் கல்லைப் பதிக்க வேண்டும். கல்லூரி அதிபரின் சம்மதத்தோடும் ஊரிலுள்ள சங்கத்தாரோடும் கலந்துதான் இதைச் செய்ய வேண்டும். இங்கிருந்து நாம் முடிவுகட்டி அனுப்பக் கூடாது.

உங்களுக்குப் படிப்பித்தவர்கள், விடுதியில் உங்களைப் பார்த்துக்கொண்டவர்கள் ஆகியோரின் பெயர்களையும், அவர்கள் பணியாற்றிய காலத்தையும் எழுதி மலர்க்குழுவுக்கு அனுப்புங்கள். அடுத்த பொதுக்கூட்டத்தில் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டே இந்தத் தீர்மானத்தைக் கொண்டுவர விரும்புகிறேன்.